பதினோராவது நிமிடம்

வீட்டில் உடற்பயிற்சிக்கு வைத்திருந்த எலிப்டிகல் மெஷினில் ஏறிய பதினோராவது நிமிடம், தையல்காரியின் வலது பாதம் மரத்துப்போகும். ஒரு வாரமாக இதே கதைதான். ஆனாலும் அரை மணி நேரம் முடிக்காமல் இறங்கமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

மகள்தான் வழி சொன்னாள். "ஷூ லேஸைத் தளர்த்திக் கட்டும்மா. குதிகால்ல அழுத்தி மிதி."

அப்படியே செய்தாள். மரப்பு வரவில்லை.

அதே அறையில், இரண்டு வருடமாக வலது கால் உணர்ச்சியற்றுக் கட்டிலில் கிடக்கும் கணவர் முகம் சுளித்தார்.

"ஒரு வாரமா காலையில கொஞ்ச நேரம் பாதத்துல போர்வை உரசறது தெரிஞ்சுது. இன்னைக்கு ஒண்ணும் தெரியல."

"எப்போ தெரியும்?"

"நீ மெஷின்ல ஏறிப் பத்து நிமிஷம் கழிச்சு."

அவள் குனிந்து, லேஸை இறுக்கி, இரட்டை முடிச்சுப் போட்டாள். தையல்காரி போட்ட முடிச்சு அவ்வளவு சீக்கிரம் அவிழாது.

மறுபடி ஏறிய நாற்பதாவது நிமிடம், அவளுக்கு முழங்கால் வரை மரத்தது. கணவர் எழுந்து உட்கார்ந்து பாதத்தைத் தரையில் வைத்தார்.

"தரை என்னமா சில்லுனு இருக்கு! எழுந்து நிக்கட்டுமா?"

"கொஞ்சம் பொறுங்க. தொடை வரைக்கும் வந்துடட்டும்" என்றவள், பொத்தானை அழுத்தி இன்னும் இருபது நிமிடம் கூட்டினாள்.