கோட்டைக் கதவைத் திறந்தவர்

எதிரிக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிடும் தளபதியாக நடித்தார் மாசிலாமணி. "இவன் துரோகி இல்லண்ணே. பட்டினியில சாகுற ஜனங்களக் காப்பாத்தத்தான் திறக்குறான்" என்று இயக்குநர் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் படப்பிடிப்பில் அந்தக் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார். கிளிசரின் தேவைப்படவில்லை.

படம் வெளியான அன்று மனைவி தமயந்தியுடன் தியேட்டருக்குப் போனார். வாசலிலேயே இயக்குநர் கட்டிக்கொண்டார். "உங்க சீன்ல ஒரு ஃப்ரேம்கூட வெட்டலண்ணே."

உண்மைதான். அழுத அழுகை முழுவதும் திரையில் இருந்தது. ஆனால் அதற்கடியில் பின்னணி இசையில் செல்லோக்கள் தணிந்த குரலில் உறுமத் தொடங்கின. முரசுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டன. அவருடைய கண்ணீர் எல்லோர் கண்ணெதிரிலும் முதலைக் கண்ணீராக மாறியது. பின்வரிசையில் ஒருவன் கெட்ட வார்த்தையில் திட்டினான்.

தமயந்தி அவர் பக்கம் குனிந்தாள். "நல்லவன்னு சொன்னீங்களே?"

"நல்லவன்தாம்மா" என்றார். முன்வரிசையிலிருந்த இயக்குநரைத் தேடிப் பார்த்தார். அவர் திரும்பவே இல்லை.

திரையில் இளவரசன் வாளோடு வந்தான். அத்தனை வயலின்களும் ஒன்றாக மேலெழுந்தன, எக்காளம் முழங்கியது. அரங்கமே எழுந்து நின்றது. மாசிலாமணிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தளபதியின் தலை படிக்கட்டில் உருண்டது.

தமயந்தி அவருடைய கைகளை இறுகப் பிடித்தாள். அப்போதுதான் தானும் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரிந்தது.