பரிவட்டத்துக்கு ரோஸ் வேட்டி

"இது துவைக்கிற மெஷினா, சாயப்பட்டறையாவே? வெள்ளை வேட்டியைப் போட்டா ரோஸ் கலர்ல வருது!"

அம்மையப்பன் வேட்டியை விரித்துப் பிடித்தார். மெக்கானிக் ரசீத் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"பச்சைத்தண்ணின்னு வச்சா வெந்நீர் வருதுவே. நேத்து சோதிக்க ஒரு முட்டையை உள்ள போட்டேன். அவிஞ்சு வந்துட்டு. உரிச்சுத் தின்னேன்!"

மறுநாள் சுடலைமாடன் கோயில் கொடை விழா. இந்த வருடப் பரிவட்டம் அவர் தலைக்குத்தான். அவர் வேட்டியைப் பார்த்து சீவலப்பேரிக் கொக்கெல்லாம் வெட்கப்படும் என்று அவரே சொல்லிக்கொள்வார். தன் வேட்டி விழுகிற மெஷினில் ஊரான் துணி விழக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

"சிவப்புத் துண்டையும் சேர்த்துப் போட்டுட்டேன் மாமா. பச்சைத்தண்ணியில சாயம் போகாதுன்னு நெனச்சேன்" என்றாள் மருமகள் தனலட்சுமி.

ரசீத் குழாயைத் தொட்டுப் பார்த்தான். மாடிக்குப் போய்விட்டு வந்தான்.

"மெஷின்ல கோளாறு இல்ல அண்ணாச்சி. மாடியில கறுப்புத் தொட்டி, சித்திரை வெயில்ல கொதிக்கு. மத்தியானம் போட்டா இப்படித்தான். விடியக்காலம் போடுங்க."

அம்மையப்பன் மருமகள் பக்கம் திரும்பினார்.

"கேட்டியா? நான் ஆத்துல குளிச்சிட்டு வாரதுக்குள்ள ஒரு ஈடு போட்டிருக்கலாம்லா? காலையில அப்படி என்ன உறக்கம்?"

தனலட்சுமி தரையைப் பார்த்தாள்.

ரசீத் மெஷினின் அடிமூடியைத் திறந்தான். பிசிறோடு சில நீலப் பொத்தான்கள் வந்து விழுந்தன.

"இந்த வீட்ல நீலப் பொத்தான் சட்டை யாரு போடுதா?" என்றார் அம்மையப்பன்.

தனலட்சுமி மெதுவாகச் சொன்னாள்.

"பக்கத்து வீட்டு ஜெபராணி அக்கா உடுப்பு, மாமா. ஆஸ்பத்திரியில தூத்துத் துடைக்கிற வேலை. பினாயில்ல கை வெடிச்சு, சோப்பு பட்டாலே எரியுதாம். அவிய கூட வேலை பாக்கிறவிய உடுப்பும் சேத்து விடியுமுன்ன போட்டுருவேன். அது முடியறதுக்குள்ள வெயில் ஏறிருது. நீங்க என்ன சொல்லுவியளோன்னு..."

ரசீத் கருவிகளை மெதுவாக எடுத்து வைத்தான். இனி இடி விழும் என்று அவனுக்குத் தெரியும்.

அம்மையப்பன் பொத்தான்களைத் துடைத்து மருமகள் கையில் வைத்தார்.

"தைச்சுக் குடு. என் வேட்டி மத்தியானமே போகட்டும்."

மறுநாள் கொடையில் ஊரே அவர் இடுப்பைத்தான் பார்த்தது.

"என்ன அண்ணாச்சி, வேட்டி ரோஸாயிட்டு?"

"விடியக்காலம் ஆத்துல முங்குனேன்வே. அந்நேரம் சூரியனும் முங்கிட்டு எந்திரிச்சான். அவன் மேல உரசிட்டேன், ஒட்டிக்கிட்டு!"

கூட்டம் சிரித்தது. அம்மையப்பன் நிமிர்ந்து நின்று பரிவட்டத்துக்குத் தலை கொடுத்தார்.

முந்தின நாள் சாயங்காலமே தனலட்சுமி ஓடிப்போய் வாங்கி வந்த புது வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாமல் வீட்டு பீரோவில் இருந்தது.