பல்லால் கேட்ட பாட்டு

மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்களுக்கு மோகன ராகம் படிப்பித்த சங்கீத வாத்தியாரே நான்தான். தோணியின் மறுமுனையில் இருக்கும் ஜிப்ரி என் உதட்டசைவில் இதைப் படித்துவிட்டுத் தண்ணீரில் காறித் துப்புகிறார். வெடிபோட்டு மீன் பிடிக்கும் யாரோ போன வருசம் கிழித்த செவிப்பறை அவருடையது. அதற்குப் பிறகு பிறந்த பேத்தி அழும் சத்தம்கூட அவருக்கு இன்னும் கேட்டதில்லை. “உங்கட புளுகு கேக்காததுதான் சேர் எனக்கு மிச்சமான நிம்மதி.” இன்றும் எங்கேயோ வெடி போட்டிருக்கிறார்கள். வயிறு மேலே திரும்பிச் செத்த மீன்கள் ஏறுநிலா வெளிச்சத்தில் தோணியை உரசுகின்றன. நான் துடுப்பை நீருக்குள் இறக்கி, மேல்நுனியைப் பல்லால் கடிக்கும்படி சைகை காட்டுகிறேன். எலும்பு வழியாகவும் சத்தம் ஏறும் என்பது விஞ்ஞானம். மோகனம் மட்டும்தான் என் கைச்சரக்கு. முறைத்துக்கொண்டே கடிக்கிறார். தாடி நடுங்குகிறது, கட்டையில் எச்சில் வழிகிறது, கண் மூடிக்கொள்கிறது. நெடுநேரம் கழித்தே வாயை எடுக்கிறார்.

“கேக்குது சேர். ஒண்டே ஒண்டுதான் மிஞ்சிப் பாடுது.”