உள்சுற்று

"இந்த ரீல் தேறாது சார்."

லேப் அக்கா சொன்னதும் டெஸ்டிங் ரூமில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மெஷினில் இழையை ஓட்டி அந்த ரீலில் சுற்றியவர் வேறு யாருமில்லை, அவளுடைய வீட்டுக்காரர்.

அடுத்த மாதம் ஷிப்ட் இன்சார்ஜ் ஆகப் போகிறவர் அவர். இந்த ஆர்டர் வில்லங்கம் இல்லாமல் போய்ச் சேர்ந்தால் பதவி அவருக்குத்தான் என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார்.

"என்னம்மா, விளையாடறியா? லாரி வாசல்ல நிக்குது!" என்றார் மேனேஜர்.

"மேல் சுத்து நல்லாத்தான் சார் இருக்கு. உள்ளே இருக்கிறதுதான் சரியில்லை. நீங்களே பாருங்க."

ஓர் இழையை எடுத்து மெஷினின் இரண்டு பிடிகளிலும் மாட்டி இழுத்துக் காட்டினாள். முள் பாதி தூரம்கூட ஏறவில்லை. பட்!

இப்படி நாள் முழுக்க இழுத்து அறுப்பதுதான் அவள் வேலை. அதனாலேயே அவளுக்கு 'அறுவை அக்கா' என்று பட்டப்பெயர்.

கடையில் சாமான் போட்டுத் தருகிறார்களே பாலிதீன் பை, அதற்குப் பங்காளிதான் இந்த இழை. பிளாஸ்டிக் பவுடரை எண்ணெயில் கரைத்துக் கூழாக்கி, சின்னச் சின்னத் துளை வழியே பிழிந்து, சூடான அடுப்புக்குள் விட்டு இழுப்பார்கள். நிதானமாக இழுத்தால் எடைக்கு எடை இரும்புக் கம்பியையே தோற்கடிக்கும். அவசரப்பட்டால் நீளம்தான் வரும், பலம் வராது.

இந்த ஆர்டர் இழை கயிறு திரிப்பதற்காகப் போகிறது. உயரமான கட்டடங்களில் கண்ணாடி துடைக்கிறவர்கள் இடுப்பில் மாட்டிக்கொண்டு தொங்குகிற கயிறு.

"எப்பவும் மேல் சுத்துலதானே சாம்பிள் எடுப்பே? இன்னைக்கு மட்டும் எதுக்கு உள்ளே வரைக்கும் பிரிச்சே?" மேனேஜர் விடவில்லை.

"தோணுச்சு சார்."

"தோணுச்சா! கூப்பிடுங்க அவரை."

வீட்டுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். தரையில் வெள்ளை வெளேரென்று குவிந்து கிடந்த இழையைப் பார்த்தார்.

"பாருங்க, உங்க சம்சாரம் பண்ணியிருக்கிற வேலையை!"

அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஏண்டி, பிரிக்கிறதுக்கு உனக்கு வேற ரீலே கிடைக்கலையா? என் வாயில மண்ணள்ளிப் போடணும்னே வேலைக்கு வந்தியா?"

"நான் என்னங்க பண்ணட்டும்? அறுந்ததை அறுந்துச்சுன்னுதானே சொல்ல முடியும்."

மேனேஜர் குரலை இறக்கினார். "சரி, நடந்தது நடந்து போச்சு. மேல் சுத்து ரிசல்ட்டையே போட்டுக் கையெழுத்துப் போட்டுடும்மா. உன் வீட்டுக்காரருக்கும் நல்லது, உனக்கும் நல்லது."

அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் பேனாவை மூடிப் பையில் வைத்தாள்.

"மாட்டேன் சார்."

"அப்ப லாரியைத் திருப்பி அனுப்புங்க. மொத்த ஆர்டரையும் புதுசா ஓட்டுங்க!" கத்திவிட்டு வாசல்வரை போன மேனேஜர், திரும்பி நின்று வீட்டுக்காரரைப் பார்த்தார். "இன்சார்ஜுக்கு நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

உள்சுற்று ஏன் இப்படி ஆனது என்று மட்டும் மேனேஜர் கடைசிவரை கேட்கவே இல்லை.

மத்தியானம் கேன்டீனில் புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு மூலை. பேக்கிங் செக்ஷன் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்ன இருந்தாலும் கட்டினவராச்சேக்கா. கொஞ்சம் கண்டும் காணாம விட்டிருக்கக் கூடாதா? எத்தனை வருஷமா காத்துக்கிட்டிருந்தார், பாவம்."

அக்கா சோற்றைப் பிசைந்தாள், சாப்பிடவில்லை.

"நல்ல நெஞ்சழுத்தம்!" என்று எழுந்து போனாள் அந்தப் பெண். அடுத்த மேஜையில் இருந்தவர்களும் தலையை ஆட்டினார்கள்.

சாயங்காலம் வீட்டுக்காரர் பைக்கை எடுத்துக்கொண்டு அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். அவள் பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தாள்.

கதவு திறந்தே இருந்தது. அடுப்படியில் அவர் டீ போட்டுக்கொண்டிருந்தார்.

"கையைக் காட்டு" என்றார்.

தயங்கித் தயங்கி நீட்டினாள். அத்தனை இழையையும் பிரித்ததில் விரலெல்லாம் கோடு கோடாகச் சிவந்திருந்தது. அவர் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்து தடவிவிட்டார்.

"ரொம்ப எரியுதா?"

"நீங்க அத்தனை பேர் நடுவுல கத்தினதுக்கு இது ஒண்ணும் பெரிசில்லை."

"மேனேஜர் பக்கத்துல நிக்கும்போது நான் வேற எப்படிப் பேசறது?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "இன்சார்ஜ் போச்சேங்க. எனக்குத்தான் மனசு ஆறலை."

"போனா போகட்டும். 'அவசர ஆர்டர், வேகமா ஓட்டு. கடைசியில மட்டும் நிதானமா இழு, மேல் சுத்து டெஸ்ட்ல தேறிடும்'னு அந்த மேனேஜர் சொன்னப்ப முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்லத் தைரியம் இல்லாமப் போச்சு எனக்கு" என்றவர், டீயை ஆற்றி அவள் கையில் கொடுத்தார்.

"காலையில உன் காதுல, 'உள்ளே பிரிச்சுப் பாரு'ன்னு சொல்ல மட்டும்தானே முடிஞ்சுது."