அன்னைப் பாட்டுக்கு முதல் குரல்

"யாரு, ஹமாசகியா? மூக்கால பாடுவாளே, அவளா முதல் குரல்?"

சிஸ்டர் தோமினாகா கையிலிருந்த முள்ளங்கியைப் பலகையில் வைத்தார். வைத்த வேகத்தில் அது உருண்டு தரையில் விழுந்தது.

அரிசி களைந்துகொண்டிருந்த சிஸ்டர் நிஷி திரும்பிப் பார்க்கவில்லை. "எனக்கு எப்படி சிஸ்டர் தெரியும்? நான் பாடற்குழுவுலயே இல்லையே."

"உனக்குக் காது இருக்குல்ல? நேத்து மத்தியானம் தோட்டத்துல நின்னேன். நோயாளிகள் அறைப் பக்கமிருந்து அன்னைப் பாட்டு கேக்குது. குரல் அவளோடதுதான். மூணாவது அடியில பாதியில மூச்சு வாங்குறா. வேற யாரு அப்படிப் பாடுவா?"

சபையைத் தொடங்கிய அன்னை கிளெமென்ஸைப் போற்றும் அந்தப் பாட்டை நாகசாகி மடத்தில் இரண்டு சமயம்தான் பாடுவார்கள். நவம்பரில் அன்னையின் திருநாளன்று. அதை விட்டால், ஒரு சகோதரிக்கு இறுதி நேரம் நெருங்கும்போது, கட்டிலைச் சுற்றி நின்று.

இப்போது ஜூன் மாதம். வெளியே மழை விட்ட பாடில்லை. யாருக்காக ஒத்திகை என்று கேட்கவும் வேண்டுமா? மூத்தவர் சிஸ்டர் ஒகாவாவுக்குத் தொண்ணூற்று மூன்று வயது. ஒரு மாதமாகப் படுக்கை.

இருபத்திரண்டு வருடமாக முதல் குரல் தோமினாகாவுடையது. அவருக்கு அந்தப் பாட்டைச் சொல்லிக் கொடுத்ததே ஒகாவாதான். அப்படிப்பட்டவரின் கட்டிலருகே இன்னொருத்தி நின்று பாடுவதா? துறவிக்குப் பொறாமை ஆகாது என்று அன்னை கிளெமென்ஸ் எழுதி வைத்திருக்கிறார். அன்னைக்கு என்ன, அவர் காலத்தில் ஹமாசகி இல்லை.

"எனக்கு வயிறு எரியுது நிஷி."

நிஜமாகவே எரிந்தது. போன வாரம் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் வழக்கம்போல மடத்துத் தலைவியான மதரைத் தனியே அழைத்துப் பேசினார். வெறும் புண்தான் என்று மதர் வந்து சொன்னார்.

"மருந்து சாப்பிட்டீங்களா?" என்றார் நிஷி.

"மருந்துக்கு அடங்குற எரிச்சலா இது? நீயே பாரு. மதர் என்னைப் பாத்திரம் கழுவ வேணாம்னாங்க. ஹமாசகி தினமும் பிவா பழத்தை உரிச்சு, கொட்டையை எடுத்து, தட்டுல அடுக்கிக் கொண்டு வர்றா. எல்லாம் எதுக்கு? லஞ்சம்! என் பாட்டைப் பிடுங்கிக்கிட்டு வாயில பழத்தைத் திணிக்கிறாங்க."

"பழம் நல்லா இல்லையா?"

"இனிப்பாத்தான் இருந்துச்சு. அதான் இன்னும் ஆத்திரமா வருது."

நிஷி சிரிக்கவில்லை. அரிசிப் பாத்திரத்தில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

"முறைன்னு ஒண்ணு இருக்கு நிஷி. யாருக்காகப் பாடுறோமோ அவங்க காதுல ஒத்திகை விழக்கூடாது. அதுக்குத்தானே சலவை அறையில கதவை மூடிக்கிட்டுப் பாடுவோம்? இவ என்னடான்னா ஒகாவா சிஸ்டர் தலைமாட்டுலயே நின்னு கத்துறா. அந்த மனுஷி என்ன பாடுபடுவாங்க? நான் போய்க் கேக்குறேன்."

"வேணாம் சிஸ்டர்!" நிஷி ஈரக்கையோடு அவருடைய ஏப்ரனைப் பிடித்தார். "இன்னிக்கு மட்டும் அந்தப் பக்கம் போகாதீங்க. கொஞ்சம் ஓய்வெடுங்க."

"நீயும் அவ கட்சியா?"

கையை உதறிவிட்டுத் தோமினாகா நடந்தார். நீண்ட நடையில் பாதி தூரம் வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நிற்க வேண்டியிருந்தது. அங்கேயே பாட்டு கேட்டது.

அலைகடல் தாண்டி வந்த அன்னையே,
அந்தி சாயும் வேளையிலே எம் கைபிடித்து,
கரையேற்றி விடுவாய்...

'விடுவாய்'க்கு முன்னால் ஹமாசகி மூச்சு வாங்கினாள். தோமினாகா பல்லைக் கடித்தார். இதற்கு மேல் பொறுக்க முடியாது. போய்க் கதவைத் தள்ளித் திறந்தார்.

உள்ளே ஆறு சகோதரிகள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். கட்டிலில் சிஸ்டர் ஒகாவா சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் நூடுல்ஸ் கிண்ணம். முகத்தில் நல்ல தெளிவு. சாப்பிடும் குச்சியால் கிண்ணத்தில் தாளம் தட்டியபடி அதட்டிக்கொண்டிருந்தார்.

"மூச்சு விடாதேன்னு எத்தனை தடவை சொல்றது? தோமினாகா இந்த இடத்துல எப்படிப் பாடுவா? அவ மாதிரிப் பாடு! அவளுக்கு அந்த..."

வாசலைப் பார்த்ததும் குச்சி நின்றது. ஹமாசகியின் கையிலிருந்த பாட்டுப் புத்தகம் கீழே விழுந்தது. அவள் கண்கள் அழுது சிவந்திருந்தன.

"நல்லாத்தானே இருக்கீங்க சிஸ்டர்?" என்றார் தோமினாகா. "அப்போ இந்த ஒத்திகை யாருக்..."

ஜன்னலருகே நின்ற மதர் தரையைப் பார்த்தார்.

வழக்கமாக ஒத்திகை நடக்கும் சலவை அறை, தோமினாகாவின் அறைக்கு நேர் கீழே இருந்தது.

தோமினாகா மெல்லக் குனிந்து புத்தகத்தை எடுத்து, தூசி தட்டி, ஹமாசகியின் கையில் வைத்தார்.

"மூணாவது அடியில மூச்சு வாங்காதேடி. அன்னிக்கு என்னால எழுந்து வந்து திருத்த முடியாது."