கணக்கில் வராத மூச்சு

ஜெசிந்தாவின் வீட்டுக்குக் காற்று தருவது கூடத்துச் சுவரில் பதித்திருந்த மீன்தொட்டிதான். அதிலிருக்கும் செடிகள் செழித்தால்தான் மூடிய வீட்டுக்குள் மனிதர் மூச்சு விடமுடியும். இரண்டு பேருக்கு என்று அளந்து தருவது எட்டு மணி நேர விளக்கு. மகன் பிறந்து பன்னிரண்டு நாளாகியும் மூன்றாவது ஆளுக்கான வெளிச்சம் வரவில்லை. பெயர் பதிவாக நாற்பது நாளாகுமாம்.

பிள்ளை பெற்றவள் இரண்டு பங்கு சாப்பிட வேண்டும் என்று எல்லோரும் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். செடிக்கும் அப்படித்தானே என்று, கணவன் அமலதாஸுக்குத் தெரியாமல் தினமும் இரண்டு மூடி உரம் ஊற்றினாள். ஐந்தாம் நாள் தண்ணீர் பச்சையாகக் குழம்பி, இலைகளெல்லாம் பாசிக்குள் மூழ்கின.

தொட்டி பார்க்க வந்த ஊழியர் கண்ணாடியை விரலால் தேய்த்தார்.

“வெளிச்சம் கூடாம உரத்தை மட்டும் கூட்டினா, அதைப் பாசிதாம்மா திங்கும்.”

“அப்ப வெளிச்சத்தைக் கூட்டி விடுங்கண்ணா.”

“இப்பக் கூட்டினா பாசி இன்னும் வளரும். மூணு நாள் இருட்டுல போட்டாத்தான் சாகும்.” அவர் தொட்டியின் மேல் கறுப்புத் துணியைப் போர்த்தினார். “அதுவரைக்கும் வீட்டுல இருக்கற காத்து ஒருத்தருக்குத்தான் காணும்.”

“பிள்ளை?”

“அது இன்னும் கணக்குல வரலையேம்மா. இருக்கட்டும்.”

அமலதாஸ் வெளிக்காற்றுக்கான முகமூடியை மாட்டிக்கொண்டு, மூன்று நாளைக்கு வெளியே இருக்கப் படியிறங்கினான். கதவு மூடிய சத்தத்தில் பிள்ளை வீறிட்டு அழுதது. ஆஸ்பத்திரியே மெச்சிய குரல்.

“அழாதடா ராசா, மெதுவா மூச்சு விடு” என்று கெஞ்சினாள்.

அவனுக்குக் கேட்கிற வயதா? அவள்தான் மூச்சை அடக்கிப் பழகத் தொடங்கினாள்.