மணி கட்டிய கூட்டாளி

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் மீசையை வழித்துவிடுங்கள்.

சவரிமுத்துவின் கருவாட்டு மண்டியில் ஒரு கடுவன் பூனையும் ஒரு பெருச்சாளியும் கூட்டாகக் களவு நடத்தி வந்தன. பெருச்சாளி சாக்கைக் கடித்துத் திறக்கும், பூனை கருவாட்டை வெளியே இழுத்துப் போகும். ஒருநாள் பசி தாங்காமல் பூனை பெருச்சாளியின் மச்சானையே விழுங்கிவிட, தொழில் படுத்தது. சாக்கைத் திறக்க ஆளில்லாமல் பூனைக்கு விலா எலும்பு தெரிந்தது. வெட்கத்தை விட்டு வளை வாசலில் போய் நின்றது.

"தம்பி, மறுபடி ஆரம்பிப்போமா?"

"என் மச்சானையும் இப்படித்தான் தம்பின்னு கூப்பிட்டீங்க அண்ணாச்சி," என்றது பெருச்சாளி உள்ளிருந்தே. "கழுத்துல மணி கட்டிக்கிட்டு வாங்க. நீங்க எங்கே நிக்கிறீங்கன்னு எனக்குத் தெரியணும்."

யார் கட்டுவது என்று எலிகள் காலங்காலமாகக் கூடிப் பேசிய மணிக்கு, பூனை தானாகவே கழுத்தை நீட்டியது.

மறுநாள் மதியம் மண்டிக்குள் மணி கிணுகிணுத்தது. "பய ரோந்து சுத்துறான், இனி எலி எட்டிப் பார்க்குமா!" என்று சவரிமுத்து எலிப்பொறியைத் தூக்கி எறிந்துவிட்டுக் குறட்டை விட்டார்.

ஒரே வாரத்தில் ஏழு சாக்கு மெலிந்தது. "கருவாடு காயக் காயச் சுருங்குது," என்றபடி அவர் பூனைக்குப் பரிசாகப் பால் வைத்தார். முதல் வாய் பெருச்சாளி குடித்தது. பூனை மணி அசையாமல் காத்து நின்றது.

கதையை ஊரெல்லாம் சொல்லுங்கள், சொன்னது நானென்று மட்டும் மூச்சு விடாதீர்கள். மணி கட்டிவிட்டதற்காகத் தினமும் என் வாசலுக்கு வரும் வஞ்சிர வால் துண்டு நின்றுபோகும்.